விருந்து முடிந்த பிறகு

(மயிலாப்பூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



டிசம்பர் மாதத்து மாலைகளில் சாந்தோமிலோ மந்தைவெளியிலோ அடையாற்றிலோ எந்தத் தேவாலய வளாகத்துக்குள் நுழைந்தாலும், பிள்ளைகள் கிறிஸ்து பிறப்பு நாடகத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதில் எந்தப் பிள்ளையும் விரும்பிக் கேட்டு வாங்காத வேடம் ஒன்று உண்டு. அது சத்திரக்காரன் வேடம். நிறைமாதக் கர்ப்பிணியையும் அவள் கணவனையும் வாசலிலேயே நிறுத்தி, இடமில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்த வேண்டும். வசனம் அவ்வளவுதான். பத்து வயதில் எனக்கு அந்த வேடம் கொடுத்தார்கள். கதவைச் சாத்தியதும் முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி "அடப்பாவி" என்றார். வேடத்தைப் பார்த்துச் சொன்னதுதான். ஆனாலும் என்னைச் சொன்னதாகவே எனக்குப் பட்டது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் வீட்டில் இருந்தது வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு. லூக்கா எழுதிய நற்செய்தியில் மரியாளுக்கு இடம் கிடைக்காத அந்த இடத்தை அது 'சத்திரம்' என்கிறது. அதே நூலின் பத்தாம் அதிகாரத்தில், கள்ளர் கையில் அடிபட்டுக் கிடந்தவனை நல்ல சமாரியன் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடமும் 'சத்திரம்' தான். கிரேக்க மூலத்தில் இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டையும் ஒரே வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். முதல் கதையில் அந்த வாசல் அடைத்திருக்கிறது, இரண்டாம் கதையில் திறந்திருக்கிறது.

2025 மே 19 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழரின் மனு விசாரணைக்கு வந்தது. தண்டனைக் காலத்தை முடித்த அவர், தம்மை நாட்டைவிட்டு அனுப்பக் கூடாது என்று கேட்டிருந்தார். உலகெங்கிலுமிருந்து வரும் அகதிகளை வைத்துக்கொள்ள இந்தியா ஒரு தர்மசாலை அல்ல, ஏற்கெனவே 140 கோடிப் பேருடன் திணறிக்கொண்டிருக்கிறோம் என்ற பொருளில் அமர்வு வாய்மொழியாகக் குறிப்பிட்டு, மனுவைத் தள்ளியது. மறுநாள் நாளேடுகளில் தர்மசாலை என்று படித்தபோது என் மனத்தில் சத்திரம் என்றே விழுந்தது. 'கிறிஸ்தவ அறமும் குடியேற்றக் கொள்கையும்' என்ற தலைப்பை அறக்கட்டளையினர் எனக்குக் கொடுத்தபோது, அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குவது என்று முடிவு செய்தேன்.

சத்திரம் என்பதை நாம் இளக்காரமாகப் பேசலாகாது. இந்த நகரம் சத்திரங்களால் ஆளானது. ஹைதர் அலியுடன் நடந்த போரிலும் அதையொட்டி வந்த பஞ்சத்திலும் சுற்று வட்டாரத்துச் சனங்கள் சென்னைக்குள் வந்து குவிந்த காலத்தில், 1782-இல், மணியக்காரர் சத்திரம் எழுந்தது. பசித்து வந்தவர்களுக்கு அங்கே கஞ்சி ஊற்றினார்கள். அதையொட்டி வந்த மருந்தகம் வளர்ந்து வளர்ந்து இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை ஆயிற்று. வடசென்னை முதியவர்கள் நெடுங்காலம் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லிவந்தார்கள். வேற்றூரிலிருந்து வந்தவருக்கு ஊற்றிய கஞ்சியில் தொடங்கிய இடத்தில்தான் இன்று உள்ளூர்ப் பிள்ளைகள் மருத்துவம் படிக்கிறார்கள்.

தென்சென்னைக்கு வாருங்கள். அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் நாம் நாள்தோறும் கடக்கும் மறைமலையடிகள் பாலத்துக்கு முன்பு, அதே இடத்தில் மர்மலாங் பாலம் என்று ஒன்று இருந்தது. மாம்பலம் என்ற பெயர்தான் வெள்ளைக்காரர் வாயில் மர்மலாங் ஆயிற்று. 1726-இல் தம் சொந்தப் பணத்தில் அதைக் கட்டியவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். பரங்கிமலைக்கு ஏறும் படிகளைச் சீரமைத்தவரும் அவரே. பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் ஊரோடு பெயர்த்துக் கொண்டுபோய் வேறிடத்தில் குடியமர்த்திய ஜுல்பா ஆர்மீனியர்களின் வழிவந்தவர். வேர் பிடுங்கப்பட்ட ஒரு சமூகத்து மனிதர் நமக்குப் பாலம் கட்டிக் கொடுத்தார். லஸ்ஸில் இருக்கும் காட்டுக்கோயிலுக்கு 1516 என்ற ஆண்டைச் சொல்வார்கள். கடலில் திசை தப்பிய போர்ச்சுக்கீசியர் கரையில் ஓர் ஒளியைக் கண்டு பிழைத்தார்கள் என்பது அதன் கதை. அப்போஸ்தலர் தோமா கி.பி. 52-இல் இந்த மண்ணுக்கு வந்து, 72-இல் பரங்கிமலையில் உயிர்நீத்தார் என்பது நம் மரபு. சின்னமலைக் குகை அவர் ஒளிந்திருந்த இடம் என்பார்கள். அந்த மரபை வரலாற்றாசிரியர்கள் எப்படி வேண்டுமானாலும் எடைபோடட்டும். நான் சொல்ல வந்தது, சென்னைக் கிறிஸ்தவர் சொல்லிக்கொள்ளும் ஒவ்வொரு தொடக்கக் கதையிலும் கடல்வழி வந்து ஒதுங்கிய ஒருவர் இருக்கிறார் என்பதை.

இந்த நினைவு நமக்கு நல்லதுதான், ஆனால் இதிலேயே ஓர் இடறலும் இருக்கிறது. கிறிஸ்தவர்கள் குடியேற்றம் பற்றிப் பேசும்போதெல்லாம் வாசலைப் பற்றியே பேசுகிறோம். கதவைத் திறப்பதா, சாத்துவதா? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடக்கும் வாதம் பெரும்பாலும் அந்த இடத்திலேயே நிற்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கத் துணை அதிபர் ஜே.டி. வான்ஸ், கிறிஸ்தவ அன்புக்கு ஒரு வரிசை உண்டு, முதலில் குடும்பம், பிறகு அண்டை வீடு, பிறகு ஊர், நாடு, அதற்குப் பிறகே மற்ற உலகம் என்ற கருத்தில் பேசினார். பிப்ரவரி 10 அன்று போப் பிரான்சிஸ் அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில் இதற்கு மறுமொழி இருந்தது. அன்பின் சரியான வரிசை எது என்று அறிய நல்ல சமாரியனின் கதையைத் தியானியுங்கள் என்றார் அவர். 2013-இல் போப் ஆன சில மாதங்களில், ரோமுக்கு வெளியே முதல் பயணமாக அகதிப் படகுகள் கரைசேரும் லாம்பெதூசாத் தீவுக்குப் போனவர் அவர். அந்தக் கடிதம் அவர் வாழ்ந்த வாழ்வோடு ஒத்திருந்தது.

வான்ஸ் சொன்னது நமக்குப் புதிதல்ல. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லாத நாளில்லை. அதில் நியாயமும் இருக்கிறது. தன் பிள்ளையைப் பட்டினி போட்டு ஊரார் பிள்ளைக்கு ஊட்டுவதை எந்த மதமும் அறம் என்று சொல்லவில்லை. ஆனால் 'தனக்கு' என்ற சொல்லுக்குள் யார் யார் வருவார்கள்? இந்த மாலையில் நான் கேட்க வந்தது இதைத்தான்.

வாசலில் நிற்பவரை இன்று ஒருபுறம் வைப்போம். வாசலைத் தாண்டி உள்ளே வந்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பவரைப் பற்றிப் பேசுவோம்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்கள் அலை அலையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். பலர் திரும்பினார்கள், பலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். 2021-இல் தமிழக அரசு சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேரும், காவல் நிலையத்தில் பதிந்துவிட்டு வெளியே வாழ்வோர் ஏறத்தாழ 34,000 பேரும் இருந்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில்தான் முகாம்களின் பெயரே மாறியது. 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று அழைக்கும்படி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். 317 கோடி ரூபாய்த் திட்டம், 7,469 புதிய வீடுகள், உயர்த்திய பணக்கொடை என்று அறிவிப்புகள் வந்தன. தமிழ்நாடு கொடுத்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அரிசி, பள்ளிக்கூடம், கல்லூரி உதவித்தொகை, மருத்துவம் என்று கட்சி மாறினாலும் ஏதோ ஒரு வடிவில் அது தொடர்ந்தது. ஒரு மாநில அரசு இவ்வளவு காலம் இத்தனை பேருக்குச் சோறு போட்டது சின்ன காரியமல்ல.

ஆனால் நம்மிடையே ஒரு பழமொழி இருக்கிறது: விருந்தும் மருந்தும் மூன்று நாள். விருந்தினரை விரட்டும் பேச்சு என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். வயதான பிறகு அதில் விருந்தினரின் மானமும் அடங்கியிருப்பது தெரிகிறது. மூன்று நாளுக்கு மேல் ஒருவரை விருந்தாக வைத்திருந்தால் அவர் கை எப்போதும் கீழே இருக்கும். எந்தப் பாத்திரத்தையும் தானாக எடுக்க முடியாது, எந்தக் கதவையும் கேட்காமல் திறக்க முடியாது. நான்காம் நாள் அவர் தம் வீட்டுக்குப் போக வேண்டும், அல்லது இந்த வீட்டின் மனிதராகிவிட வேண்டும். இரண்டும் இல்லாத நிலைக்கு நம்மிடம் நல்ல சொல்லே கிடையாது. பணக்கொடை என்ற அரசுச் சொல்லிலேயே பாருங்கள், கொடை இருக்கிறது. கொடைக்கு நன்றி சொல்லத்தான் முடியும், உரிமை கோர முடியாது.

இதை ஒரு மூதாட்டியிடம்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் சென்னைக்கு வடக்கே உள்ள ஒரு முகாமுக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்கள் சபையிலிருந்து போனோம். பத்துக்குப் பத்து அடி அறைகள், நடுவில் தடுப்பு, பக்கத்து வீட்டு இருமல் நம் வீட்டு இருமல்போல் கேட்கும். கேக்கும் புடவையும் கொடுத்தோம், பாட்டுப் பாடினோம், படம் எடுத்துக்கொண்டோம். மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்த அந்த அம்மா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "நீங்கள் வாறது சந்தோசம் தம்பி. ஆனா செக்கிங் அண்டைக்கு வீட்டில நிக்காட்டி பேரை வெட்டிப்போடுவினம் எண்டு பயம். என்ர மகன் சென்னையில பெயின்ட் வேலைக்குப் போனவன், ஓடி ஓடி வாறான். அதுக்கு என்ன செய்யலாம் எண்டு உங்கட சபை ஆக்களிட்ட ஒருக்கா கேளுங்கோ." நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடம் எது என்றுகூட அன்று எனக்குத் தெரியாது. தியாகராய நகரிலும் அடையாற்றிலும் எத்தனை அடுக்குமாடிச் சுவர்களுக்கு அவர்கள் வண்ணம் பூசியிருப்பார்கள் என்பது மட்டும் அதன் பிறகு அந்தச் சுவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வரும்.

வேதம் இந்த இடத்தில் என்ன கேட்கிறது? அந்நியரிடம் இரக்கம் காட்டு என்பதோடு அது நின்றிருந்தால் நம் கேக்கும் புடவையும் போதும். ஆனால் லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரம், உங்களிடையே தங்கியிருக்கும் அந்நியரை எப்படி எண்ண வேண்டும் என்று சொல்லும்போது, பழைய தமிழ் மொழிபெயர்ப்பு வைக்கும் சொல் 'சுதேசி'. வ.உ.சி. கப்பல் விடுவதற்கு முன்பே அந்தச் சொல் நம் வேதாகமத்தில் இருந்தது. எபிரேயத்தில் அங்கே இருக்கும் 'எஸ்ராக்' என்ற சொல்லுக்கு இன்றைய எபிரேய மொழியில் குடிமகன் என்றே பொருள். அவனைச் சுதேசியாக எண்ணு, உனக்கும் அவனுக்கும் ஒரே சட்டம் என்பது கட்டளை. கொடையின் மொழி இதில் இல்லை, இது நியாயத்தின் மொழி. உபாகமம் இருபத்துநான்கில், நியாயத்தைப் புரட்டாதே என்று சொல்லும்போது, திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் பக்கத்தில் அது நிறுத்துவது 'பரதேசி'யை. வேற்று நாட்டார் என்று மட்டுமே பொருள்பட்ட அந்தச் சொல்லை நாம் தெருவில் வசையாக்கிவிட்டோம். ஒரு மொழியில் எந்தச் சொற்கள் வசையாகத் தேய்கின்றன என்று பார்த்தால், அதைப் பேசுவோர் யாரைத் தள்ளி வைத்தார்கள் என்பது விளங்கும்.

எதிர்த்தரப்பை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அரசுக்கு எல்லையைக் காக்கும் கடமை உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடே, வசதியுள்ள நாடுகள் இயன்ற அளவுக்கு அந்நியரை ஏற்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, பொதுநலனுக்காக அரசு நிபந்தனைகள் விதிக்கலாம் என்றும் சொல்கிறது. நம் ஊருக்குள்ளேயே அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1982 மே மாதம் பாண்டி பஜாரில் ஈழ இயக்கத்தவரிடையே துப்பாக்கிச் சூடு நடந்தது. 1984 ஆகஸ்டில் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. 1990 ஜூனில் கோடம்பாக்கத்தில் ஈழ இயக்கத் தலைவர் பத்மநாபாவும் அவர் தோழர்களும் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு மே 21, முன்னாள் பிரதமர் கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூர். அந்த இரவில் சென்னையில் இருந்த எவருக்கும் அது மறக்காது. இந்த அச்சத்தைக் கற்பனை என்று சொல்லிக் கடந்து போகிறவர்களோடு நான் இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததும் நமக்குத் தெரியும். குற்றம் செய்தவர் சிலர், சந்தேகம் விழுந்தது முகாம்கள் அனைத்தின் மேலும். பிள்ளைகளின் படிப்பில் சில ஆண்டுகள் தடை விழுந்தது. வாடகைக்கு வீடு கேட்டு வந்தவரின் பேச்சு வழக்கைக் கேட்டதுமே வீட்டுக்காரர் தலையசைத்துவிடுவார். பெற்றோர் புளித்த திராட்சையைத் தின்றால் பிள்ளைகளின் பல் கூசும் என்ற பழமொழியை இனிமேல் சொல்லாதீர்கள் என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி தம் மக்களைக் கண்டித்தார். முகாம்களில் இன்று இளைஞர்களாக இருப்போர் 1991-க்குப் பிறகு பிறந்தவர்கள். எந்தத் திராட்சையையும் அவர்கள் தின்றவர்கள் அல்லர்.

குடியேற்றத்தில் கண்டிப்பு வேண்டும் என்று வாதிடும் கிறிஸ்தவர்கள் அடிக்கடி துணைக்கு அழைக்கும் ஒருவர் இருக்கிறார். அவர் பெயரும் தோமாதான், பதின்மூன்றாம் நூற்றாண்டின் அக்குவினாஸ் தோமா. அவருடைய பெரும் இறையியல் தொகை நூலில், மோசேயின் சட்டத்தை ஆராயும் பகுதியில், அந்நியரை உடனே குடிமக்களாக ஏற்பதில் ஆபத்து உண்டு என்கிறார். ஊரின் பொதுநலன் அவர்கள் நெஞ்சில் ஊன்றும் முன்பே உரிமை கொடுத்தால் கேடு விளையலாம் என்பது அவர் கவலை. அரிஸ்டாட்டிலைக் காட்டி, சில நாடுகளில் இரண்டு மூன்று தலைமுறை கழிந்தே குடியுரிமை கிடைத்தது என்கிறார். உபாகமம் இருபத்துமூன்றில் எகிப்தியரும் ஏதோமியரும் மூன்றாம் தலைமுறையில் சபைக்குள் வரலாம் என்றிருப்பதையும் எடுத்து வைக்கிறார்.

சரி, அவருடைய அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். கிறிஸ்தவ மரபில் இதைவிடக் கண்டிப்பான அளவுகோலை நான் பார்த்ததில்லை. 1983-இல் படகேறி வந்தவர் முதல் தலைமுறை. முகாமில் பிறந்தவர் இரண்டாம் தலைமுறை. அவர் பிள்ளை மூன்றாம் தலைமுறை, இன்று நம் அரசுப் பள்ளியில் நம் பாடநூலைப் படித்துக்கொண்டிருக்கிறது. அக்குவினாஸ் கேட்ட தலைமுறைக் கணக்கு நிறைவேறிவிட்டது. நம் சட்டம் மட்டும் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்திய மண்ணில் பிறந்தாலே குடியுரிமை. 1987 ஜூலை 1 முதல், பெற்றோரில் ஒருவராவது குடிமக்களாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், ஒருவர் குடிமகனாக இருந்தாலும் போதாது, மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கவும் கூடாது. ஆகவே தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி முகாம் இளைஞனை மணந்தால், அவள் பெறும் பிள்ளைக்கு அம்மாவின் நாடு தானாகக் கிடைப்பதில்லை. தலைமுறை ஏற ஏற வாசல் குறுகிக்கொண்டே வந்திருக்கிறது.

இதில் இன்னும் வேதனையான ஒரு பகுதி உண்டு. முகாம்களில் இருப்போரில் கணிசமானோர் மலையகத் தமிழர். திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் தோட்ட வேலைக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள். இன்று முகாமாக இருக்கும் மண்டபத்தில்தான் வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைக்குப் போகும் கூலிகளைத் தடுத்து வைத்து நோய் பார்த்து அனுப்பினார்கள். பாட்டன் போன வழியாகவே பேரன் திரும்பி வந்தான், போகும்போது கூலி, வரும்போது அகதி. 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 9,75,000 பேரை எண்ணி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். பத்து ஆண்டு கழித்து அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். அந்த மக்களில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தப்படி வந்து முறையாக இந்தியக் குடிமக்கள் ஆனவர்களைக்கூட நீலகிரியில் இன்றும் சிலோன்காரர் என்றே சொல்கிறார்கள். இலங்கை 2003-இல் தனிச் சட்டம் இயற்றி, தன் நாட்டில் எஞ்சியிருந்த நாடற்றவர்களை ஒருவழியாகக் குடிமக்களாக்கியது. அந்த அளவுக்கு இலங்கையைப் பாராட்டத்தான் வேண்டும்.

1948-ஐச் சொல்லும்போது ஒரு மனிதரைச் சொல்லாமல் நகர முடியாது. எஸ்.ஜே.வி. செல்வநாயகம். மலாயாவின் ஈப்போவில் பிறந்தவர், யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர், வழக்கறிஞர். மலையகத்தாரின் குடியுரிமை பறிபோனபோது அவருடைய கட்சித் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அரசில் சேர்ந்திருந்தார். பறிபோனது யாழ்ப்பாணத்தாரின் குடியுரிமை அல்ல. தோட்டத் தொழிலாளர்களைத் தங்களில் ஒருவராக யாழ்ப்பாணம் அதுவரை பெரிதாக எண்ணியதும் இல்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். அன்பின் வரிசைப்படி பார்த்தால் செல்வநாயகம் வாளாவிருந்திருக்கலாம். அவர் இருக்கவில்லை. இன்று அவர்களுக்கு நேர்வது நாளை நமக்கும் நேரும் என்று எச்சரித்தார், கட்சியை விட்டு வெளியேறினார், 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இந்துக்கள் பெரும்பான்மையாக உள்ள மக்கள் அவரைத் தந்தை செல்வா என்று அழைத்தார்கள். அவர் மகன் எஸ்.சி. சந்திரகாசன்தான் 1984-இல் சென்னையில் ஈழ அகதிகள் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கி, முகாம் மக்களே தங்கள் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வேலையைப் பல்லாண்டு நடத்தியவர். கிறிஸ்தவ அரசியல் அறம் என்றால் என்ன என்று என் மாணவர்கள் கேட்டபோதெல்லாம் நான் ஐரோப்பாவுக்குப் போகாமல் செல்வநாயகத்திடமே போயிருக்கிறேன்.

அந்த உதாரணம் இன்று நம்மைச் சுடுகிறது. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவ மக்களுக்கு வழி திறந்தது. 2024 மார்ச்சில் விதிகளும் வந்துவிட்டன. கவனியுங்கள், பட்டியலில் நம் பெயர் இருக்கிறது, முஸ்லிம்களின் பெயர் இல்லை, இலங்கை என்ற நாடே இல்லை. இலங்கையிலிருந்து வந்த இந்துவுக்கும் இடமில்லை, மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கருக்கும் இடமில்லை. லாகூர்க் கிறிஸ்தவரின் துன்பம் உண்மையானது, அவருக்குக் கதவு திறந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அடிபட்டுக் கிடப்பவரின் மதத்தைக் கேட்டுவிட்டுத் தூக்கும் சமாரியன் வேதத்தில் இல்லை. பட்டியலில் நம் பெயர் இருப்பதால் மௌனமாக இருந்தால் அந்தக் கதையில் விலகிப்போன ஆசாரியனின் இடத்தில் நிற்கிறோம். தமிழகச் சட்டமன்றம் 2021 செப்டம்பரில் அந்தச் சட்டத்தைத் திரும்பப்பெறக் கோரித் தீர்மானம் போட்டது. நம் சபைகளிலிருந்தும் சிலர் பேசினார்கள், ஆனால் அந்தக் குரல் போதவில்லை.

அக்குவினாஸ் எடுத்துக்காட்டிய, உபாகமத்தின் அதே இருபத்துமூன்றாம் அதிகாரம், மோவாபியர் பத்தாம் தலைமுறையிலும் சபைக்குள் வரக் கூடாது என்கிறது. ரூத் மோவாபியப் பெண். அந்நியர் பொறுக்குவதற்காகச் சட்டம் விட்டுவைத்த கதிர்களைப் பொறுக்கிப் பிழைத்தவள், பெத்லகேமில் மணமுடித்தாள், தாவீது அரசனின் பாட்டனைப் பெற்றாள். மத்தேயு எழுதிய இயேசுவின் வம்சாவளியில் அவள் பெயர் இருக்கிறது. விலக்கும் சட்டத்தையும் விலக்கப்பட்டவளின் கதையையும் ஒரே நூலுக்குள் வைத்திருக்கும் வேதத்தை நாம் முழுதாகப் படிக்க வேண்டும். ஒரு வசனத்தை உருவிக்கொண்டு கட்சி கட்டுவது இரு தரப்பிலும் நடக்கிறது.

சில அசைவுகள் தெரிகின்றன. 2019 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மலையகத் தமிழர் 65 பேரின் வழக்கில், அவர்கள் விண்ணப்பித்தால் மத்திய அரசு பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்றது. 2022-இல் அதே கிளை, மண்டபத்தில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு, 1987-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் என்பதால் இந்தியக் கடவுச்சீட்டு வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2024 ஏப்ரல் 19 அன்று அவர் திருச்சியில் வாக்களித்தார். முப்பத்தெட்டு ஆண்டுகளாக இந்தியக் குடிமகளாகவே இருந்தவர், அது தெரியாமலே அகதியாக வாழ்ந்திருக்கிறார். 2025 செப்டம்பரில் புதிய குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிந்த இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா பற்றிய விதிகளிலிருந்து விலக்கு அளித்தார்கள். இருக்கலாம் என்ற அனுமதி அது. குடிமக்கள் ஆகும் வழி அதில் இல்லை. 1951-இன் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, நமக்கென்று தனி அகதிச் சட்டமும் இல்லை. பழைய இஸ்ரவேலில் அடைக்கலப் பட்டணங்களுக்குக்கூட எழுதி வைத்த விதி இருந்தது: யார் வரலாம், யார் விசாரிப்பது, எவ்வளவு காலம் என்று. சட்டம் வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. சட்டம் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

சட்டம் நாடாளுமன்றத்தில் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. நம் கையில் இருக்கும் ஒன்றைச் சொல்லி அமர்கிறேன். 1983 ஜூலைக்கும் 1987 ஜூன் 30-க்கும் இடையில் இந்த மண்ணில் பிறந்த முகாம் பிள்ளைகள், சட்டப்படி பிறப்பிலேயே இந்தியக் குடிமக்கள். அவர்களுக்கு இன்று நாற்பது வயதை ஒட்டி இருக்கும். தாங்கள் குடிமக்கள் என்பதே இன்னும் பலருக்குத் தெரிந்திராது. பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் சான்று வேண்டும், முகாமிலிருந்து முகாமுக்கு மாற்றப்பட்ட குடும்பங்களில் காகிதங்கள் தங்குவதில்லை. அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. கிறிஸ்தவக் குடும்பங்கள் பிள்ளை பிறந்த சில வாரங்களில் அருகில் இருந்த கோயிலுக்குத் தூக்கிப்போய் ஞானஸ்நானம் கொடுத்திருப்பார்கள். பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், பெற்றோர் பெயர், ஊர் எல்லாம் பதிவேட்டில் மையால் எழுதியிருக்கும். பிறப்பைத் தாமதமாகப் பதியக் கேட்டு விண்ணப்பிக்கும்போது அதைத் துணைச் சான்றாக வைக்கலாம். மற்ற மதத்தாருக்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது, அந்தப் பள்ளிகளில் பலவும் நம் சபைகள் நடத்துபவை.

இந்த அரங்கில் ஆயர்கள் இருக்கிறார்கள், தலைமையாசிரியர்கள் இருக்கிறார்கள், வழக்கறிஞர்கள் சிலரையும் பார்க்கிறேன். ராமேசுவரம் தீவிலிருந்து சென்னை வரை எத்தனை அலமாரிகளில் அந்த நான்கு ஆண்டுப் பதிவேடுகள் தூசியடைந்து கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பொங்கல் முடிந்ததும் வேலையைத் தொடங்கலாம். என் பகுதியில் இருக்கும் மூன்று கோயில்களின் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் பார்த்துப் படியெடுக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். கூட வர விருப்பமுள்ள மாணவர்கள், கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வலப்புறம் இருக்கும் மேசையில் தங்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.